கண்டி மலைகளும் காட்சிப் பதிவுப் பெட்டியும்

கண்டி நகரத்திலோ அதன் சுற்றுப்புறத்திலோ வசிக்கும் ஒருவர், வீட்டுத் தொலைக்காட்சிக்கென்று ஒரு காட்சிப் பதிவுப் பெட்டி வாங்க உத்தேசிப்பாராயின், கடைத்தெருவை நோக்கி நடப்பதற்கு முன்னால், தம் வீட்டு முற்றத்தில் நின்று, ஹந்தானை மலை கண்ணுக்குத் தெரிகிறதா, மேற்கு வானத்தை மரங்கள் மறைக்கின்றனவா, தொலைபேசி இணைப்பு எந்த வழியாக உள்ளே வருகிறது என்னும் மூன்று விஷயங்களையும் நிதானமாகப் பார்த்துக்கொள்வது உத்தமம். பெட்டியின் அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்கள் எவ்வளவு பெரியவையாயினும், அவை யாவும் வீட்டுக்குள் வந்து சேர்ந்த படத்தைப் பற்றியவை. வந்து சேரும் வழியைப் பற்றி அவை ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. சமதரையான கொழும்பில் இந்தக் குறை பெரிதாகத் தோன்றாது. மலைகள் சூழ்ந்த, மழையும் இடியும் மலிந்த, மின்சாரம் நினைத்தபோது போய்வரும் நம் பிரதேசத்தில், பதிவுப் பெட்டி நன்மை தருவதும் தராததும் பெரும்பாலும் அந்த வழியைப் பொறுத்தே அமைகிறது என்பது என் துணிபு.

தொலைக்காட்சி இந்தத் தீவுக்கு வந்த சரித்திரமே வழியைப் பற்றிய சரித்திரந்தான். செய்மதியைக் கொண்டு உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று 1945-இல் எழுதியவரும், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவருமான ஆர்தர் சி. கிளார்க்கின் கொழும்பு வீட்டில், 1975-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் வந்து ஒரு பெரிய கிண்ண அன்டெனாவை நிறுவினார்கள். இந்தியக் கிராமங்களுக்காக அமெரிக்கச் செய்மதி ஒன்றின்மூலம் நடந்த கல்விப் பரிசோதனையின் படங்கள் அங்கே தெரிந்தன. அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகே, 1979 ஏப்ரல் 13-ஆம் திகதி, ஐ.டி.என். என்னும் சுயாதீனத் தொலைக்காட்சி கொழும்பைச் சுற்றிய குறுகிய வட்டாரத்துக்கு ஒளிபரப்பத் தொடங்கிற்று. கண்டிக்காரருக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. 1982 பெப்ரவரி 15-இல் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி தோன்றி, 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை உச்சியிலிருந்து அலைகளை அனுப்பிய பிறகுதான் மலைநாட்டு வீடுகளின் கூரைகளில் அலுமினியக் கம்பிகள் முளைக்கலாயின.

அதே காலத்தில்தான் ‘டெக்’ என்று எல்லோரும் அழைத்த வீடியோப் பெட்டியும் வந்தது. மத்திய கிழக்கில் வேலைக்குப் போனவர்கள் திரும்புகையில் கொண்டுவந்த சாமான்களில் அதற்கு முதல் ஸ்தானம். தமிழ்ப் படக் ‘கொப்பி’யை நாள்வாடகைக்கு எடுத்து, அக்கம்பக்கத்தவரெல்லாம் கூடி விடியவிடியப் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. டெக்கில் நேரம் குறித்துவைத்து நிகழ்ச்சியைப் பதியவும் முடியும். ஆயினும் அதைச் சரியாகச் செய்தவர்கள் வெகுசிலர், ஏனையோர் வீட்டில் அதன் கடிகாரம் ஆண்டுக்கணக்காகப் பன்னிரண்டு மணியையே மின்னி மின்னிக் காட்டிக்கொண்டிருந்தது. கண்டியின் ஈரக்காற்றுக்கு நாடா ஒருபோதும் ஈடுகொடுத்ததில்லை. கசெட்டின் சிறிய கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தால், சுற்றப்பட்ட நாடாவின் விளிம்பில் வெண்ணிறப் பூஞ்சணம் மாவு தூவியதுபோல் படிந்திருப்பது தெரியும்; அதை அப்படியே போட்டால் டெக்கின் தலைப்பகுதி அழுக்கேறி, அடுத்து வரும் நல்ல கசெட்டும் மங்கலாகும்.

நாடாவில் இன்னொரு குறையும் உண்டு. எழுதும்போது படிக்க முடியாது. படிக்கும்போது எழுத முடியாது. நடுவிலுள்ள ஓர் இடத்துக்குப் போக வேண்டுமானால் இடையிலுள்ள முழுவதையும் சுற்றியாக வேண்டும். 1999 மார்ச் 31-இல் அமெரிக்காவில் டிவோ என்னும் பெட்டி விற்பனைக்கு வந்தபோது இந்த நிர்ப்பந்தம் நீங்கியது. கணினியில் இருக்கும் வன்தட்டை, அதாவது ஹார்ட் டிஸ்க்கை, அது நாடாவுக்குப் பதிலாக வைத்துக்கொண்டது. தட்டு சுழன்றுகொண்டே இருக்க, எழுதுகோலும் கண்ணுமாய் உள்ள ஒரே தலை ஒரு விநாடிக்குள் பலமுறை இடம்மாறி, வந்துகொண்டிருக்கும் படத்தை ஓரிடத்தில் எழுதியும், பத்து நிமிஷத்துக்கு முன்னால் எழுதியதை வேறோரிடத்தில் படித்தும் இரண்டு காரியங்களையும் சேர்த்துச் செய்கிறது. நேரடி ஒளிபரப்பை நிறுத்திவைத்து, வாசலில் வந்தவரோடு பேசிவிட்டுத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்வது மாயவித்தைபோல் தோன்றினாலும் அதன் சூட்சுமம் இவ்வளவே.

ஆனால் தட்டு எவ்வளவு பெரியதாயினும், படம் உள்ளது உள்ளபடியே வந்தால் அதில் அடங்காது. நமது பழைய தரத்துப் படம் ஒன்றில் 720-க்கு 576 புள்ளிகள். விநாடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் 16 பிட் என்று கணக்கிட்டால் விநாடிக்கு ஏறக்குறைய 166 மெகாபிட் ஆகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 75 ஜிகாபைட்! இதை விநாடிக்கு 4 மெகாபிட் அளவுக்குச் சுருக்கினால்தான் மணிக்கு 1.8 ஜிகாபைட் என்னும் கையாளத்தக்க அளவு கிடைக்கும். நாற்பதில் ஒரு பங்காகச் சுருக்கியும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதபடி செய்வது எப்படி?

இதன் மூலவேரில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த நசீர் அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974-இல் வெளியிட்ட ஒரு சிறிய கட்டுரைதான் இன்றைய படச்சுருக்கத்துக்கெல்லாம் அஸ்திவாரம். 1972-இல் இந்த ஆராய்ச்சிக்காக அகமது அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவனத்திடம் கேட்ட பொருளுதவி மறுக்கப்பட்டது. யோசனை மிகவும் எளிமையானது என்பது பரிசீலித்தவர்களுடைய அபிப்பிராயம். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறுசிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் புள்ளிகளின் தொகுதியாகக் கருதாமல், சில மெதுவான அலைகளும் சில வேகமான அலைகளும் சேர்ந்த கலவையாக எழுதுவது அவர்கள் கண்ட முறை. மெதுவான அலைகளே படத்தின் உருவத்தைத் தாங்குகின்றன. வேகமான அலைகள் நுண்ணிய நெருடல்களை மட்டுமே சுமப்பதால், அவற்றைக் குறைத்தெழுதினாலும் கண் கண்டுபிடிப்பதில்லை. மழைநாளில் திரையில் சதுரம் சதுரமாகச் சிதறும் துண்டுகளை எல்லோரும் பார்த்திருப்போம். கணிதத்தில் பிறந்த அந்தச் சதுரங்கள் அப்போதுதான் பிரத்தியட்சமாகக் காட்சி தருகின்றன.

இரண்டாவது உபாயம் காலத்தைச் சார்ந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் தினந்தோறும் எல்லோர் பெயரையும் எழுதாமல், நேற்று வந்து இன்று வராதவர் யார், புதிதாக வந்தவர் யார் என்று மட்டும் குறித்தால் ஏடு எவ்வளவு மிச்சமாகுமோ, அவ்வளவு மிச்சம், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள மாற்றத்தை மட்டும் எழுதுவதால் கிடைக்கிறது. செய்தி வாசிப்பவருக்குப் பின்னாலுள்ள சுவர் அசைவதில்லை; உதடுகள் மட்டுமே அசைகின்றன; ஆகையால் செய்தியைச் சுருக்குவது மிக இலகு. எசல பெரஹெரா ஊர்வலமோ நேர்மாறானது. தலதா மாளிகை யானை பேழையைச் சுமந்து மெல்ல நடந்து வருவதில் சிரமம் ஒன்றுமில்லை, ஏனெனில் யானை முழுவதும் ஒரே திசையில் இத்தனை புள்ளி நகர்ந்தது என்று எழுதிவிடலாம். அதற்கு முன்னும் பின்னும் ஆடிவரும் நடனக்காரர்களின் வெள்ளி ஆபரணங்கள், காற்றில் பறக்கும் தீப்பந்தத்தின் சுவாலைகள், தெருவோரத்து ஜனத்திரள் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு க்ஷணமும் வெவ்வேறாக மாறுகின்றன; எதையும் முந்தைய படத்திலிருந்து ஊகிக்க முடியாது. அதனால்தான் பெரஹெராவைப் பதிந்து பார்க்கும்போது சுவாலையைச் சுற்றிய இருளில் சதுரங்கள் நெளிகின்றன. தம் பெட்டி எவ்வளவு திறமையுடையது என்று அறிய விரும்புவோருக்கு பெரஹெராவின் ரந்தோலி இரவைவிடச் சிறந்த பரீட்சை வேறில்லை.

இனி வழிகளுக்கு வருவோம். முதலாவது, கூரைக் கம்பியால் பிடிக்கும் தரைவழி ஒளிபரப்பு. உலகில் பல நாடுகள் இதை எண்முறைக்கு, அதாவது டிஜிட்டலுக்கு, மாற்றிவிட்டன. இலங்கை 2014-இல் ஐ.எஸ்.டி.பி.-டி. என்னும் ஜப்பானிய முறையைத் தேர்ந்துகொண்டபோதிலும் மாற்றம் தள்ளித்தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆதலால் ரூபவாஹினி, வசந்தம், சக்தி ஆகிய அலைவரிசைகளைக் கம்பியில் பிடிப்பவர், பழைய அனலாக் அலையைத்தான் இன்னும் பிடிக்கிறார். ஹந்தானையிலுள்ள மறு ஒளிபரப்புக் கோபுரங்கள் நகரத்துக்கு நேரே தெரிகின்றன. ஆனால் குன்றின் மறுபக்கச் சரிவிலோ, மகாவலி ஓரத்துப் பள்ளத்திலோ இருக்கும் வீட்டுக்கு நேரலை பலவீனமாகவும், எதிர்மலையில் மோதித் திரும்பும் அலை பலமாகவும் வந்து சேரும். அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீற்றர் செல்கிறது. திரையில் ஒரு கோட்டை இடமிருந்து வலமாக வரைய 52 மைக்ரோ விநாடி ஆகிறது. அப்படியானால் அரை மீற்றர் அகலமுள்ள திரையில், 300 மீற்றர் சுற்றி வந்த அலை ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வலப்பக்கம் தள்ளி இரண்டாவது உருவத்தை வரைந்துவிடும். மூன்று கிலோமீற்றர் சுற்றி வந்தால் பத்துச் சென்ரிமீற்றர். செய்தி வாசிப்பவரின் பக்கத்தில் அவருடைய ஆவி அமர்ந்திருப்பதைப் பார்த்து, எதிரேயுள்ள மலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தபடியே கணிக்கலாம்.

பார்ப்பதற்கு மட்டுமானால் கண் இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளும். பதிவுப் பெட்டிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. பலவீனமான படத்தில் பூச்சிபறப்பதுபோல் தெரியும் வெண்புள்ளிகள் படத்துக்குப் படம் மாறுவதால், சுருக்கும் யந்திரம் அவற்றையும் முக்கியமான மாற்றமென்றே எண்ணி, தன்னிடமுள்ள பிட்டுகளில் பெரும்பகுதியை அவற்றுக்கே செலவழித்துவிடுகிறது. மனிதர் முகத்துக்கு மிஞ்சுவது சொற்பம். இதனால் நேரில் சுமாராகத் தெரிந்த படம் பதிவில் குழம்பிப்போகிறது. இந்த நிலையில் விலையுயர்ந்த பெட்டி வாங்குவது வீண். கம்பியைச் சில அடி உயர்த்தி, திசையைத் திருத்தி, பத்து வருஷப் பழைய கேபிளை மாற்றுவதற்குச் செலவிடும் பணமே பதிவுக்காகச் செலவிட்ட பணமாகும். எண்முறை ஒளிபரப்பு எப்போதாவது வருமானால் எதிரொலித் தொல்லை பெரிதும் தீரும், ஏனெனில் அந்த முறையில் தகவல் ஆயிரக்கணக்கான மெல்லிய அலைவரிசைகளில் மெதுவாகச் செல்வதோடு, ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் எதிரொலி வந்து அடங்குவதற்கென்றே சிறிது அவகாசமும் விடப்பட்டிருக்கிறது.

இரண்டாவது வழி செய்மதி. பூமத்தியரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிக்கும் கண்டி வீட்டுக் கிண்ணத்துக்கும் இடையில் மலை குறுக்கிடுவதில்லை, மழை குறுக்கிடுகிறது. வீட்டுச் சேவைகள் பயன்படுத்தும் அலையின் நீளம் சுமார் இரண்டரைச் சென்ரிமீற்றர்; பெருமழையின் துளிகள் இந்த நீளத்துக்கு அலட்சியப்படுத்த முடியாத அளவு பெரியவையாதலால், அலையின் சக்தியை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. எந்தச் செய்மதி என்பதும் இங்கே விஷயமாகிறது. 83 பாகை கிழக்கில் நிற்கும் இந்தியச் செய்மதிகள் கண்டியிலிருந்து பார்க்கையில் அடிவானத்துக்கு மேல் 81 பாகையில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக இருக்கின்றன; 45 பாகை கிழக்கில் உள்ள செய்மதியோ மேற்கு வானத்தில் 48 பாகை உயரத்தில் இருக்கிறது. மழைநீர் திரவமாக உள்ள அடுக்கு நமக்கு மேல் நாலரைக் கிலோமீற்றர் என்று கொண்டால், முதலாவதன் அலை அதே நாலரைக் கிலோமீற்றரையும், இரண்டாவதன் அலை சாய்வாக ஆறு கிலோமீற்றரையும் மழைக்குள் கடக்க வேண்டும். கிண்ணம் பொருத்த வருபவர் இதையெல்லாம் சொல்லமாட்டார். மேற்கு நோக்கும் கிண்ணத்துக்குச் சற்றுப் பெரியதாகக் கேட்டு வாங்கினால், ஒக்டோபர் மாத மாலைகளில் சில நிமிஷங்களையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.

அனலாக் படம் கெடும்போது படிப்படியாகக் கெடும். எண்முறைப் படம் பிழைதிருத்தும் கணிதத்தின் பலத்தால் கடைசிவரை குற்றமற்று நின்று, எல்லை தாண்டியதும் ஒரேயடியாக விழும். அந்தக் கணத்தில் பதிவுப் பெட்டி என்ன செய்கிறது என்பதில்தான் பெட்டிக்குப் பெட்டி வேற்றுமை. சில பெட்டிகள் இடைவெளியை விட்டு, அலை திரும்பியதும் தொடர்ந்து பதிகின்றன. சில, பதிவை இரண்டாகத் துண்டிக்கின்றன. இன்னும் சில, அலை போன க்ஷணமே பதிவை முடித்து மூடிவிட்டு, மழை விட்ட பிறகும் பேசாதிருக்கின்றன. மூன்றாவது வகை நம் ஊருக்கு ஆகாது.

செய்மதிப் பெட்டியில் வேறொரு சிக்கலும் உண்டு. இது மலையோ மழையோ செய்ததன்று. சந்தாச் சேவையின் படம் பூட்டப்பட்டே வருகிறது. திறவுகோல் பெட்டிக்குள்ளிருக்கும் அட்டையிலோ சில்லிலோ இருக்கிறது. பின்புற யூ.எஸ்.பி. துளையில் வன்தட்டைச் செருகிப் பதிந்தால், பெரும்பாலான பெட்டிகள் அந்தப் பதிவையும் தமக்கு மட்டுமே தெரிந்த இரகசியத்தால் பூட்டிவிடுகின்றன. கணினியில் போட்டால் திறக்காது. சேவையாளர் பெட்டியை மாற்றிக் கொடுத்தால் புதிய பெட்டிக்கும் அது அந்நியம். மகளின் அரங்கேற்றத்தைத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது என்று பதிந்துவைத்திருக்கும் தாய்தந்தையருக்கு, பெட்டி பழுதாகும் அன்றே அந்தப் பதிவும் போயிற்று. வீட்டில் பிறகு பார்ப்பதற்காகப் பதிவது குற்றமன்று என்று அமெரிக்க உயர்நீதிமன்றம் 1984-இல் வீடியோப் பெட்டி வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் அனுமதித்ததைப் பொறியியல் இன்று சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். சந்தாப் பெட்டியின் பதிவை ஒரு வாரத்துக்குப் பயன்படும் சௌகரியமாக மட்டும் கருதி, பரம்பரைச் சொத்தாக நினையாதிருப்பதே விவேகம்.

யூ.எஸ்.பி. பதிவில் சில சில்லறைத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். வன்தட்டு சுழலத் தொடங்கும் முதல் சில விநாடிகளில் அது கேட்கும் மின்னோட்டத்தைப் பல பெட்டிகளின் துளை கொடுக்கமாட்டாது. அப்போது தட்டு ‘டிக், டிக்’ என்று முனகி நின்றுவிடும். தட்டு கெட்டுவிட்டதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம், தனி மின்னிணைப்புள்ள தட்டாகப் பார்த்து வாங்கினால் போதும். சில பெட்டிகள் பழைய கோப்பு முறையையே பின்பற்றுவதால் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டமுடியாது. உயர்தரப் படம் மணிக்கு 3.6 ஜிகாபைட் ஆகையால், ஒரு தமிழ்ப் படம் மூன்று துண்டாகக் கிடந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. நேரலையை நிறுத்திவைக்கும் வசதியை எந்நேரமும் இயக்கிவைத்தால், சாதாரணத் தரத்திலேயே நாளொன்றுக்கு 43 ஜிகாபைட் எழுதப்பட்டு அழிக்கப்படுகிறது. விரல்நீளப் பென் டிரைவை இந்த வேலைக்கு வைத்தால் சீக்கிரம் ஆயுள் முடியும்.

மூன்றாவது வழி தொலைபேசி இணைப்பு. ஸ்ரீலங்கா டெலிகொம் நிறுவனத்தின் பியோ ரி.வி. போன்ற சேவையில் பதிவுப் பெட்டியே வீட்டில் இல்லை. ஒளிபரப்பானவற்றைச் சேவையாளரே தம் கணினிகளில் சில நாட்கள் வைத்திருந்து, நாம் பின்னோக்கிச் செல்லக் கேட்கும்போது நமக்கென்று தனியாக அனுப்புகிறார். நேரலையாக ஆயிரம் வீடுகள் பார்க்கையில் ஒரே ஓட்டம் கிளை பிரிந்து எல்லோருக்கும் போகிறது. பின்னோக்கிப் பார்க்கையில் வீட்டுக்கு ஓர் ஓட்டம் வேண்டும். எந்த அலைவரிசையை எத்தனை நாள் வைப்பது, எதை வைக்காமல் விடுவது என்பதைத் தீர்மானிப்பவரும் அவரே. மழையும் மலையும் இவ்வழியைத் தொடுவதில்லை, பூஞ்சணமில்லை, வன்தட்டில்லை. நேற்றைய செய்தியையும் தொடர்நாடகத்தையும் இன்று பார்ப்பதற்கு மேல் ஆசையில்லாத குடும்பத்துக்கு, நல்ல இணைப்பு கிடைக்கும் இடத்தில், இதுவே போதுமென்பேன். ஆசை அதற்கு மேலிருந்தால் போதாது.

நேரம் பற்றி ஒரு விசேஷம். எண்முறைப் பெட்டி தன் கடிகாரத்தை ஒளிபரப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஓட்டத்தில் உலகப் பொதுநேரமும், அதனோடு எவ்வளவு கூட்டவேண்டும் என்ற குறிப்பும் தனித்தனியே வருகின்றன. மின்சாரத்தை மிச்சம்பிடிக்கவென்று 1996 மே 25-இல் நம் நாட்டுக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுக்கப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் மறுபடி இந்திய நேரத்தோடு ஒன்றாயின. இடைப்பட்ட பத்தாண்டுகளில் தமிழ்நாட்டு அலைவரிசையின் ஒன்பது மணித் தொடரைப் பதிய விரும்பியவர் டெக்கில் ஒன்பதரை என்று வைக்கவேண்டியிருந்தது. இப்போது அந்தத் தொல்லை இல்லை. இருப்பது வேறு: நிகழ்ச்சி அட்டவணை ஒன்று சொல்ல, நிகழ்ச்சி வேறொன்று செய்யும். கிரிக்கெட்டுக்கு அட்டவணை கட்டுப்படுமா? பல்லேகலை மைதானத்தின் முதலாவது டெஸ்ட் போட்டி, 2010 டிசம்பரில், பெரும்பகுதி மழையில் கரைந்து சமநிலையில் முடிந்ததைக் கண்டிக்காரர் மறந்திருக்கமாட்டார். ஆட்டத்தைப் பதிபவர் முடிவுநேரத்தோடு குறைந்தது ஒரு மணி கூட்டி வைக்கவேண்டும். அவ்வாறு கூட்டும் வசதி பெட்டியில் உண்டா என்று வாங்குமுன் பார்க்கவேண்டும்.

கடைசியாக மின்சாரம். 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் இருளில் கிடந்த நாட்டில் இதைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. வெட்டுப்படும்போது பதிவு நடந்துகொண்டிருந்தால் கோப்பு முறையாக மூடப்படுவதில்லை. படம் தட்டில் இருந்தும், எது எங்கே இருக்கிறது என்னும் குறிப்பு எழுதப்படாமையால் பெட்டி அதைக் காணாது. சிறிய யூ.பீ.எஸ். ஒன்று இந்தக் கஷ்டத்தைத் தீர்க்கும், கணினியைவிடப் பெட்டி உண்ணும் மின்சாரம் மிகக் குறைவு. குறைவு என்றாலும் அது ஓயாமல் உண்பது. 20 வாட் என்று கொண்டால் மாதத்துக்குப் பதினான்கு அலகுக்கு மேல். நம் கட்டணமோ படிப்படியாக ஏறுவது. அறுபதின் விளிம்பில் நிற்கும் குடும்பத்தை அந்தப் பதினான்கு அலகு அடுத்த படிக்குத் தள்ளிவிடக்கூடும். இடி மின்னலின்போது எல்லா இணைப்பையும் கழற்றிவிடுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். மின்னிணைப்போடு அன்டெனா கேபிளையும் கழற்ற வேண்டும், அதன் வழியாகவும் அதிர்ச்சி வரும். கழற்றினால் பதிவு போகும். கழற்றாவிட்டால் பெட்டி போகும். இந்த இரண்டில் பெட்டியைக் காப்பதே சரி. அலமாரிக்குள் பூட்டிவைக்காமல், காற்றுப்படும் இடத்தில் வைத்து, பின்புறத் துளைகளை மாதமொருமுறை பாருங்கள். அந்த இளஞ்சூட்டை நாடிச் சிற்றெறும்புகள் முட்டைகளோடு குடியேறுவது நம் பக்கத்தில் சாதாரணம்.

கொள்ளளவைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். 500 ஜிகாபைட் தட்டில் சாதாரணத் தரத்தில் 270 மணி நேரத்துக்கு மேலும், உயர்தரத்தில் ஏறக்குறைய 140 மணி நேரமும் அடங்கும். அவ்வளவையும் பார்த்து முடித்த குடும்பத்தை நான் அறியேன். கடையில் ‘டீ.வீ.ஆர்.’ என்று மட்டும் கேட்டால் காவல் கமெராவுக்குரிய பெட்டியை எடுத்து வைப்பார்கள்; தொலைக்காட்சிக்கு என்று தெளிவாகச் சொல்லவேண்டும். பிறகு, கடையிலேயே ஓர் அலைவரிசையை ஐந்து நிமிஷம் பதியவிட்டு, நடுவில் சுவரிலுள்ள ஆளியை அணைத்து, மீண்டும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெட்டி தானாக விழித்து, நேரத்தைச் சரிசெய்துகொண்டு, பாதியில் நின்ற பதிவையும் திறந்து காட்டினால் வாங்கலாம். இந்தச் சோதனைக்குக் கடைக்காரர் உடன்படாவிட்டால் வேறு கடைக்குப் போங்கள்.